கடல் மட்டத்துக்கு மேல் எட்டு மீட்டர்

கடப்பாக்கத்துக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்கவே பஸ் பிடித்துப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், என் அப்பா ஸ்டேஷன் மேல் ஸ்டேஷனாகச் செய்துகொண்டிருந்தார். முழு ஸ்டேஷன் இல்லை, பெயர்ப் பலகை மட்டும்.

சிறுசேரி ஆபீஸ்களிலும் கூடுவாஞ்சேரி ஃபிளாட்டுகளிலும் ரயில் பைத்தியங்கள் ஏராளம். தங்கள் வீட்டின் பெயரை ஸ்டேஷன் போர்டு மாதிரியே சுவரில் மாட்டிக்கொள்ள அவர்களுக்கு ஆசை. அப்பா ஸ்டீல் தகட்டில் எழுத்துகளை அறுத்து, பலகையில் வெல்டிங் வைத்து, பலகைக்கு மஞ்சளும் எழுத்துக்குக் கறுப்பும் அடிப்பார். கீழே ஒரு வரி: கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர். அந்த எண்ணில் மட்டும் விளையாட மாட்டார். நாலாவது மாடிக்காரர் ஒருவருக்கு மாடி உயரத்தையும் கூட்டிப் போட்டுக் கொடுத்த மனிதர் அவர்.

ஒன்பது வயதில் எங்கள் வீட்டுக்கும் ஒரு போர்டு வேண்டுமென்று அடம்பிடித்தேன். உயரத்தை போனில் பார்க்கலாம் என்றேன்.

"போனுக்கு இன்னா தெரியும்? கடலு தோ கீது. நாமளே அளந்துக்கலாம் பாப்பா" என்றார் அப்பா.

கொத்தனாரிடம் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் ட்யூபை வாங்கி வந்து தண்ணீர் நிரப்பினோம். ஒரு முனை அவரிடம், மறுமுனை என்னிடம். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதை வைத்துக் குச்சி குச்சியாக நட்டு மேலே ஏற வேண்டும். அலை ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் நடுவில் முதல் குச்சி. நான் சந்தோஷம் தாங்காமல் ட்யூபின் வாயைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டே ஓடியதில் கணக்கெல்லாம் பாழானது. "வெரல எடு பாப்பா!" என்று அப்பா கத்த, மறுபடியும் கடலிலிருந்து ஆரம்பித்தோம். மூன்றாம் தடவை சரியாக வாசற்படிக்கு வந்து சேர்ந்தோம். மூன்று மீட்டர்! வாசற்படியில் நின்று குதித்தேன்.

திங்கட்கிழமை வகுப்பு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போர்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை அப்பா போர்டை வாசலுக்குத் தூக்கி வந்தார். கடல் பக்கத்துக் கதவை அம்மா எப்போதும் சாத்தியே வைத்திருப்பாள். அன்று திறந்துகொண்டு வந்து நின்று, கடைசி வரியைப் படித்தாள்.

"இன்னாயா, மூணா போட்டுக்கீற? மூணு வாணாம். எட்டா மாத்து."

"அது பொய்மா! கிளாஸ்ல எல்லார்கிட்டயும் மூணுன்னு சொல்லிட்டேன்!" என்று நான் அலறினேன்.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மீட்டர்கூடப் பிசகாத அப்பா, போர்டைத் திரும்பக் கொட்டகைக்குள் கொண்டுபோனார். வளைந்த துண்டு இரண்டு வெட்டி, மூன்றின் இடது பக்கத்தை அடைத்தார். பொறி பறந்தது, புது மஞ்சள் பொசுங்கி நாறியது. மூன்று எட்டாகிவிட்டது.

"போதுமா?" என்றார்.

"போதும்."

பொண்டாட்டிக்குப் பயந்த மனிதர் என்று அன்றே முடிவு கட்டினேன். மறுநாள் கூட்டாளிகள் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். மானம் கப்பலேறியது.

நான் பிறப்பதற்கு முன்பு, இதே போல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் அப்பா அம்மாவுடைய பழைய வீட்டுக்குள் வந்திருக்கிறது. அம்மா கூரைச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள், தண்ணீர் கழுத்து வரை. இதை எனக்குப் பெரியம்மா சொன்னபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன்.

போர்டு மாட்டிய அந்த ஞாயிறு சாயங்காலம், அம்மா கடல் பக்கத்துக் கதவை விரியத் திறந்து வைத்து, வாசற்படியில் உட்கார்ந்து அலையைப் பார்த்தபடி டீ குடித்தாள். அப்படி அவளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனால் அது எனக்கு உறைக்கவில்லை. அப்பாவோடு பேசாமல் இருப்பதில் மும்முரமாக இருந்தேன்.