அக்காவிடம் நான் சொன்ன 'பொறு'

எங்கள் ஊரில் 'பொறு' என்றால் காத்திரு என்றும் பொருள், தாங்கிக்கொள் என்றும் பொருள். பஸ்ஸை எடுக்கப் போகிறவரிடமும் சொல்வோம், பிள்ளைப்பேற்று நோவில் துடிப்பவளிடமும் சொல்வோம். அக்கா படுக்கையில் விழும்வரை அந்த இரண்டையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை.

அக்கா குருநகரில் மீன் விற்று மகனைத் தனியாக வளர்த்தவள். அவன் பிரான்சுக்குப் போய்ப் பல வருடங்களாகியும் வதிவிட அனுமதி கிடைக்கவில்லை. அங்கிருந்து வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது.

அக்காவுக்குப் புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் உடுவிலிலிருந்து வந்து அவளோடு தங்கினேன். மருந்தின் வேகம் குறையும்போது கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்வாள்.

"பொறு அக்கா, பொறு" என்பேன்.

ஒரு மத்தியானம் என் பக்கம் திரும்பினாள். "எதைச் சொல்லுறாய்? நோவைப் பொறுக்கிறதோ, அவன் வருமட்டும் பொறுக்கிறதோ?"

"ரெண்டும்தான் அக்கா. அவனுக்கு அலுவல் சரிவரப்போகுதாம்."

"நோவைப் பொறுப்பன். மற்றதுதான் ஏலாமக் கிடக்கு."

அன்று பின்னேரம் மகன் வீடியோவில் வந்தான். தான் வேலை செய்யும் உணவகத்தின் சமையலறையில் நின்றான்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் பொறுங்கோ. அடுத்த மாசம் கிடைச்சிடும் எண்டு லோயர் சொன்னவர்."

"ஓம் ராசா. நீ அவசரப்படாதை. சாப்பிட்டியே?"

பேசி முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அவனைப் பற்றி என்னிடம் கேட்கவேயில்லை.

அந்தக் கிழமையே போய்விட்டாள். கோயிலில் நடந்த அடக்கப் பூசையை அவன் கைபேசியில்தான் பார்த்தான்.

அனுமதி கிடைத்து அவன் வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. நேரே சேமக்காலைக்குக் கூட்டிப்போகச் சொன்னான். கல்லறையில் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, முழந்தாளில் இருந்தபடி என்னைப் பாராமலே சொன்னான்:

"சின்னம்மா, அம்மா இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கிடந்த கிடையைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவன் தோள்கள் குலுங்குவதைக் கண்டேன்.

"வா, வீட்டை போவம்" என்று கையைப் பிடித்தேன். அவன் எழும்பவில்லை. நானும் அவன் பக்கத்தில் மண்ணில் இருந்துவிட்டேன்.