ஜல்லிக் கணக்கு கேட்ட பெண்

கட்டடச் செலவைக் கண்காணிக்கும் மென்பொருள் ஒன்றுக்குக் குறிப்பு எழுதுவது என் பிழைப்பு. யாரிடம் சொன்னாலும் "சமையல் குறிப்பா?" என்கிறார்கள். கிட்டத்தட்ட அதுதான். எங்கள் மென்பொருளுக்குள் ஏஐ ஏஜென்ட் என்று ஒன்று இருக்கிறது. பில்லைப் படிக்கும், எஸ்டிமேட்டோடு ஒப்பிடும், சந்தேகம் வந்தால் சைட்டுக்கு அதுவே போன் போட்டுப் பேசும். ஒவ்வொரு வேலைக்கும் அதற்கு ஒரு கருவி உண்டு. எந்தக் கருவியை எப்போது எடுக்க வேண்டும், எப்போது தொடவே கூடாது என்று பெரம்பலூரில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து நான் எழுதுவேன். எழுதியபடியே அது நடக்கும். என் வீட்டில் அப்படி என் பேச்சைக் கேட்கிற ஆள் ஒருவரும் இல்லை.

போன் கருவிக்கு எழுதிய குறிப்பில்தான் எனக்குப் பெருமை அதிகம். முதலில் அது அரசாங்க அறிவிப்பு மாதிரிப் பேசியது. சைட்காரர்கள் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். பெண் குரல், நம் பக்கத்துப் பேச்சு, மரியாதைக்கு ஒரு 'ங்க'. நம் ஊரில் 'போறேன்' என்று சொல்லிவிட்டு யார் கிளம்புகிறார்கள்? அதனால் 'பேச்சை முடிக்கும்போது எப்போதும் போயிட்டு வரோம்ங்க என்று சொல்லவும்' என்று எழுதினேன். 'பொருளின் அளவு தெரியும்வரை அரை மணிக்கு ஒருமுறை மறுபடி அழைக்கவும்' என்றும் சேர்த்தேன். எப்போது தொடக்கூடாது என்ற பகுதியில் சாப்பாட்டு நேரத்தை மட்டும் குறித்துவிட்டு முடித்துக்கொண்டேன். மேனேஜர் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் பெரியப்பா மகன், அண்ணன், அரியலூரில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கு சூப்பர்வைசர். அவருடைய காண்ட்ராக்டரும் எங்கள் மென்பொருளை வாங்கியிருந்தார். டைப் அடிக்க வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்பதால் அண்ணனுக்கு அந்த போன் அழைப்பு பிடித்துப்போனது.

போன மாசியில் அண்ணி இறந்துபோனார். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். நான் வாலிகண்டபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அண்ணன் பந்தலுக்கு அடியில் நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய போன் அண்ணியின் தம்பி கையில் இருந்தது. பறைச் சத்தத்தில் காதில் விழாது என்று ஸ்பீக்கரில் போட்டு, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் சவம் எடுக்கிற நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பறைக்காரர்கள் டீ குடிக்க ஒதுங்கிய நேரம் அந்தப் போன் வந்தது.

"வணக்கம்ங்க. இன்னிக்கு ஜல்லி எத்தனை லோடு வந்துச்சுங்க?"

"இது சாவு வூடுங்க. அப்பறம் பேசுங்க" என்றார் அண்ணியின் தம்பி.

"அப்படிங்களா, மன்னிச்சுக்கங்க. போயிட்டு வரோம்ங்க."

ஒப்பாரி நின்றுவிட்டது. எழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர் சொல்லாமல்தான் கிளம்புவார். வருகிறேன் என்றால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவு வரும் என்பது எங்கள் பயம். இது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். ஆனால் 'எப்போதும்' என்று எழுதியபோது அது ஏன் என் புத்தியில் உறைக்கவில்லை?

"எவடி அவ? எழவு வூட்டுல போயிட்டு வரேங்கறா! அவ வாய் அழுகிப்போவ!" என்று அண்ணியின் அத்தை கத்தினார். ஆளாளுக்குத் திட்ட ஆரம்பித்தார்கள். அண்ணன் தலை நிமிரவில்லை. அரை மணி கழித்து மறுபடி போன் அடித்தது. அதே குரல், அதே ஜல்லி. அளவைச் சொல்லும்வரை அது விடாது என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் எழுந்து போய்ப் போனை வாங்கி அணைத்தேன். "நல்ல காரியம் பண்ணுன தாயி" என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை உதறவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. மானம் கெட்டவள் மாதிரி நின்றேன்.

மறுநாளே குறிப்பைத் திருத்தினேன். 'சாவு என்று காதில் விழுந்தால் அத்துடன் பேச்சை நிறுத்தவும், விடைபெறும் வார்த்தை எதுவும் சொல்ல வேண்டாம், மறுபடி அழைக்க வேண்டாம், ஆபீசுக்குத் தெரிவிக்கவும்' என்று எழுதினேன். "நல்ல எட்ஜ் கேஸ் பிடிச்சிருக்கீங்க" என்றார் மேனேஜர். யாரும் யோசிக்காத அபூர்வ நிலைமைக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். இதற்கும் எனக்கு ஒரு பாராட்டு. எங்கே பார்த்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கருமாதிக்குப் போனேன். சொன்னால் இனி என் முகத்தைப் பார்ப்பாரா என்ற பயமும் இருந்தது. பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, உங்க ஆபீஸ்ல அந்தப் பொண்ண ஏதும் திட்டிப்புட்டாங்களா?"

"எந்தப் பொண்ணுண்ணே?"

"அன்னிக்கு ஜல்லி கேட்டுச்சே, அதான். நம்ம பக்கத்துப் பொண்ணு போலருக்கு, பேச்சுலயே தெரியுது. சாவு வூடுன்னதும் பயந்துபோயி வாய் தவறிடுச்சு. ஒங்க அண்ணியும் கல்யாணம் ஆயி வந்த புதுசுல ஒரு எழவு வூட்டுல இப்படித்தான் சொல்லிப்புட்டா. எங்க அம்மா அத்தனை பேருக்கு முன்னாடி பேசாத பேச்செல்லாம் பேசிப்புட்டாங்க. அதுக்கப்பறம் எழவு வூட்டுல அவ வாயே தொறந்ததில்ல. பயந்துகிட்டே இருந்தா. நான் அன்னிக்கு அவளுக்காக ஒரு வார்த்த பேசல பாப்பா. நீ அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. அதுவும் வச்சுக்க வேணாம்."

அப்படி ஒரு பெண்ணே இல்லை, பேசியது மெஷின், அந்த வார்த்தை என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அண்ணிக்காக அன்று பேசாததை இன்று பேசி முடித்த முகம்.

"சொல்லிடறேண்ணே" என்றேன்.

"அது பேரு என்ன?"

வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன்.

"நல்லா இருக்கட்டும்" என்றார் அண்ணன்.