பீரோ மேலிருந்த ஸ்விட்ச்

எங்கள் பள்ளி அலுவலகத்தில் பீரோவுக்கு மேலே ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கிறது. பள்ளியின் கணினி வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி. அதன் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி, அதன் நெற்றியிலேயே ஒட்டியிருந்தேன். மறந்துவிடுமோ என்று தலைமை எழுத்தராகிய எனக்குப் பயம். பி.டி. மாஸ்டருக்குக்கூட அது மனப்பாடம். யாராவது உள்ளே போய் எதையாவது மாற்ற, நெட் படுத்துவிடும். யார் என்று பார்த்தால் ‘அட்மின்’ என்றிருக்கும். எல்லோரும்தான் அட்மின்.

இதைச் சரிசெய்ய வந்தவள் என் மகள். நெட்வொர்க் கம்பெனியில் சேர்ந்த பிறகு தனியாக வந்த முதல் வேலை. ஒழுங்காக முடித்தால்தான் அடுத்ததையும் தனியாகக் கொடுப்பார்கள். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்ட் போட வேண்டும்.

“அப்பப்ப சேவ் பண்ணிக்கம்மா” என்றேன். அவள் பத்தாம் வகுப்பு படித்த காலத்திலிருந்து சொல்லிவருவது.

“நீங்க ஒங்க வேலையப் பாருங்கப்பா.”

அரை மணி நேரத்தில் அவள் முகம் வெளுத்தது. பட்டியலில் பெயர் உள்ளவரை மட்டும் உள்ளே விடு என்று ஸ்விட்சுக்கு உத்தரவு போட்டவள், பட்டியலில் ஒரு பெயரையும் எழுதவில்லை. சோதித்துப் பார்க்க வெளியே வந்தாள்; மறுபடி உள்ளே விடவில்லை. அதற்கு முன்பே, வேலை முடியும்வரை என்று, கம்ப்யூட்டர் லேபின் இணைப்புகளையும் நிறுத்தியிருந்தாள். பதினொரு மணிக்கு அங்கே பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைன் மாதிரித் தேர்வு.

“பூட்டப் போட்டுட்டு சாவிய உள்ளயே வச்சிருச்சு பாப்பா” என்று பக்கத்து மேசை எழுத்தர் சிரித்தார். “நீங்க ஏண்ணே இம்புட்டு வேர்க்குறீங்க?”

கம்பெனிக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். மகள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “அப்பா, நான் சேவ் பண்ணல.”

“எம்புட்டுத் தடவ சொன்னேன்!”

“பண்ணாததுனாலதாம்ப்பா தப்பிச்சோம். கரண்ட எடுத்துட்டுப் போட்டா பழையபடி எந்திரிச்சிரும். ஆனா அஞ்சு நிமிஷம் ஸ்கூல் முழுக்க நெட் இருக்காது.”

தலைமையாசிரியை சிஸ்டரிடம் நான் கேட்கிறேன் என்று எழுந்தேன். அவளே போனாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

“வரிசைய மாத்திப் போட்டுட்டேன் சிஸ்டர். என் தப்புதான். அஞ்சு நிமிஷம் வேணும்.”

“நான் ஜெபம் பண்ணணுமா, நீயே பாத்துக்குவியா?”

“ரெண்டுந்தான் சிஸ்டர்.”

உள்ளே இருவரும் சிரித்தார்கள். நான் ஸ்டூலை எடுக்கப் போனேன்.

ஸ்டூலில் ஏறிப் பிளக்கைப் பிடுங்கியது நான். விளக்குகள் அணைந்தன. மறுபடி செருகினேன். ஒவ்வொன்றாகப் பச்சை விளக்குகள் வந்தன. இந்த முறை முதலில் பெயர்களை எழுதினாள். திறந்திருந்த திரையை மூடாமல், இன்னொரு திரையில் நுழைந்து பார்த்தாள். உள்ளே விட்டது. பிறகுதான் சேவ் செய்தாள். பிள்ளைகள் லேபுக்கு வந்தபோது நெட் ஓடிக்கொண்டிருந்தது.

சீட்டைக் கிழித்துப் போட்டு, எனக்கும் ஒரு பாஸ்வேர்ட் கொடுத்தாள். உள்ளே போய் ஒன்றை மாற்றிப் பார்த்தேன். அனுமதி இல்லை என்றது.

“ஒங்களுக்குப் பாக்க மட்டுந்தாம்ப்பா. தொட முடியாது.”

“சிஸ்டர் சொன்னாங்களா?”

“நாந்தான்.”

எழுத்தர் மேசையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நாளைக்கு வண்டியூர்ப் பக்கம் ஒரு கல்லூரி, தனியாகவே போகச் சொல்லிவிட்டார்கள். நான் வாயைத் திறந்தேன்.

“சேவ் கடைசியாப் பண்ணிக்கிறேம்ப்பா” என்றாள்.