நான் நிரப்பாத படிவம்

என் இருமலை முதலில் காதில் வாங்கியது நான் அல்ல, என் ஆராய்ச்சி மாணவி பேச்சியம்மாள்.

விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். கல்லூரி விடுதிகளில் காசநோய் (காற்று வழியே பரவி, பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும் கிருமித் தொற்று) எப்படிப் பரவுகிறது, அதை எப்படி முன்கூட்டியே பிடிப்பது என்று எங்கள் துறை ஆராய்ந்துகொண்டிருந்தது. அதற்கான படிவத்தை எழுதியவன் நான். முதல் கேள்வி: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா? இதை அறை அறையாகப் போய்க் கேட்டேன். நடுநடுவே இருமிக்கொண்டே கேட்டேன்.

"சார், நீங்க மட்டும் படிவம் நிரப்பலையே" என்றாள் பேச்சியம்மாள்.

"இது சீசன் இருமல்மா. திருத்தங்கல்ல பொறந்தவன் தீபாவளிக்கு முன்னாடி இருமாம இருந்தாத்தான் டாக்டர்ட்டக் காட்டணும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பையே மருத்துவச் சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கம் பட்டாசு ஆர்டர் குவிகிற மாதங்களில் ஊரே இருமும். வெடிமருந்துத் தூசி, அச்சகத்துக் காகிதத் தூசி, லோடு லாரி கிளப்பும் புழுதி என்று ஆளுக்கொரு காரணம் கைவசம் இருக்கும். மாணவர்களும் இதையேதான் சொன்னார்கள். 'சீசன் இருமல் என்றாலும் சளியைச் சோதிக்க வேண்டும்' என்று படிவத்தின் அடியில் தடித்த எழுத்தில் அச்சடிக்க வைத்திருந்தேன். அந்த வரியை எழுதியவனுக்கு அது பொருந்தாது என்று நினைத்துவிட்டேன் போல.

மாலையானால் லேசாகக் காய்ச்சல். தூங்கி எழுந்தால் சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். இடுப்பு சிறுத்தது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டு, நடைப்பயிற்சியின் பலன் என்று பெருமையடித்தேன். என் மனைவி கலா ஓர் அச்சகத்தில் பைண்டிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறாள். கோணலாக எதைக் கண்டாலும் அவளுக்குப் பொறுக்காது.

"டீக்கடை வரைக்கும் போயிட்டு வர்றதுக்குப் பேரு வாக்கிங்கா? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறீக. இல்லைன்னா உங்க காலேஜுக்கு வந்து உங்க பேர்ல நானே படிவம் நிரப்புவேன்" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரி நடைபாதை எனக்குப் பழக்கம்தான். மாணவர்களின் சளி மாதிரிகளை எத்தனையோ முறை அங்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஆய்வகத்துக்காரர் வழக்கம்போல், "எத்தனை டப்பா சார்?" என்றார்.

"ஒண்ணு. சொந்தத் தயாரிப்பு."

அவர் சிரிக்கவில்லை. முகக்கவசம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

மறுநாள் சளியில் கிருமி இருப்பது உறுதியானது. மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். வலது நுரையீரலின் மேற்பக்கம் ஒரு வெண்மேகம்.

"எம்புட்டு நாளா இருமல்?" என்றார் அவர்.

"ரெண்டு மாசமா."

"நீங்க எழுதின படிவத்துல எம்புட்டு நாள்னு போட்டிருக்கீக?"

"ரெண்டு வாரம்."

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாளும் விடக் கூடாது, முழுசாகக் குணமாகிவிடும் என்றார். தான் சொல்லும்வரை கல்லூரிப் பக்கம் போகக் கூடாது என்றார். பிறகு கேட்டார்: "மூடின அறையில உங்களோட அதிக நேரம் இருந்தது யாரு?"

பேச்சியம்மாள்.

எங்கள் ஆய்வறைச் சன்னல்களைப் பழுப்பு டேப் ஒட்டி அடைத்தவனும் நான்தான். தூசி புகுந்தால் கிருமி வளர்க்கும் சோதனைத் தட்டுகள் கெட்டுவிடும் என்று ஏசியைப் போட்டுக்கொண்டு, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு மாதம் வேலை பார்த்தோம். அவள் அம்மா மாரித்தாய் ஒரு பட்டாசு கம்பெனியில் திரி வைப்பவர். அந்த வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் இவள். நோய் என்று தெரிந்தால் படிப்பை நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். என் நுரையீரலைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தொடர்புப் பட்டியலை (நோயாளியுடன் நெருங்கிப் பழகியவர்களின் விவரம்) எழுதும் பொறுப்பும் அவளுடையதே. வீணான காலண்டர்த் தாளின் பின்பக்கம் வட்டம் வட்டமாக வரைந்துவிட்டுப் போனில் அழைத்தாள்.

"சார், உங்கள நடுவுல போட்டிருக்கேன்."

"பெருசாவா?"

"ஒரு புள்ளிதான் சார்." தாள் சரசரத்தது. "முதல் வட்டத்துல உங்க வீட்டம்மா. அப்புறம் நான்."

முடிவுகளுக்காகக் காத்திருந்த நாள்களில் என் சிறுநீர் ஆரஞ்சு நிறமானது. மாத்திரையின் வேலை, பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். அப்படியும் முதல் நாள் குளியலறையில் 'ஆரஞ்சு!' என்று அலறினேன். "கலர் நல்லாத்தான் ஏறியிருக்கு" என்றாள் வெளியே நின்ற கலா. அவளுக்குத் தொற்று இல்லை. சக ஆசிரியர்களுக்கும், நான் இருமிக்கொண்டே போய்வந்த விடுதி அறை மாணவர்களுக்கும் இல்லை.

பேச்சியம்மாளுக்கு எக்ஸ்ரே சுத்தம், இருமலும் இல்லை. ஆனால் தோல் சோதனையில் ஊசி போட்ட இடம் தடித்திருந்தது. உறங்கும் தொற்று (கிருமி உடலுக்குள் இருக்கும், நோயாக மாறியிருக்காது, பிறருக்கும் பரவாது) என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து மாரித்தாய் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் முகக்கவசத்தோடு சன்னலுக்குள் நின்றேன். எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே மருத்துவரின் கருத்து. அந்தக் கருத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது.

"எங்கிட்ட இருந்துதாம்மா போயிருக்கும்" என்றேன்.

"இப்ப அவளுக்குச் சீக்கா சார்?"

"இல்லம்மா. கிருமி தூங்குது. எந்திரிக்க விடாம இருக்க மாத்திரை கொடுத்திருக்காக."

"அப்பக் காலேஜுக்கு வரலாமா?"

"நாளைக்கே வரலாம். நான்தான் வரக் கூடாது."

"வாத்தியாருக்கு லீவு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடமா?" முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். பிறகு குரல் மாறியது. "சன்னல ஒட்டி அடைச்சு வச்சிருந்தீகளாமே. எங்க கம்பெனியில ஒரு சின்ன ரூமுக்கே சுத்தி வாசல் வச்சிருக்கு. ஒண்ணையும் சாத்த மாட்டோம். ஆளோ புகையோ, எதுன்னாலும் வெளிய போகணும்ல சார்."

 

அன்று மாலையே பேச்சியம்மாளைப் போனில் அழைத்து, கல்லூரிக்குப் போனதும் முதல் வேலையாக டேப்பைப் பிய்க்கச் சொன்னேன். மறுநாள் அவள் கல்லூரிக்கு வந்தாள். அடுத்த சோதனையில் என் சளியில் கிருமி இல்லை என்றதும் நானும் போனேன். ஆறு மாதமும் மாத்திரை விழுங்கினேன். பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பியது. கலாவின் கணக்குப்படி அதையும் தாண்டிவிட்டது.

இந்த நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மாத்திரை குணமாக்கும், நடுவில் விடாதீர்கள். யாரோடு இருந்தீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். என் மூச்சு எனக்குள்ளேயே போய் வருகிறது என்று நாற்பது வருடம் நினைத்திருந்தேன். அது எதிரில் இருப்பவர் வீடு வரைக்கும் போய் வருவது.

மறுபடியும் சீசன் வந்துவிட்டது. திறந்த சன்னல் வழியே புழுதி வந்து சோதனைத் தட்டுகள் சில கெடுகின்றன, திரும்பச் செய்கிறோம். முன்பெல்லாம் என் இருமல் தொடங்கிய தேதி எனக்குத் தெரியாது, மாதம்தான் தெரியும். நேற்று ஒரு தடவை இருமினேன். சன்னலோரம் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் தலை நிமிராமல், ஒரு வெற்றுப் படிவத்தை இழுத்து என் பெயரை எழுதினாள்.

"முதல் நாள் சார்" என்றாள்.