கண் வார்டில் பூட்ஸ் சத்தம்

சென்னைக்குப் போய் ஆறு மாதம் கண் நர்சிங் படித்து எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய முதல் நாளே, என்னோடு படித்த எஸ்தரைப் பிரசவ வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "பேறு நிக்காது கேட்டியா, கண்ணு எங்கயும் ஓடிப் போவாது" என்றார் மேட்ரன். ஆக, கண் வார்டின் பத்துக் கட்டிலுக்கு ஸ்பெஷல் டிரெயினிங் பெற்ற ஸ்டாஃப் நான் ஒருத்திதான்.

அந்தக் காலத்தில் கண்புரை ஆபரேஷனுக்குத் தையல் கிடையாது. இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபக்கமும் மணல் பை வைத்து, நாள் கணக்கில் மல்லாந்து கிடக்க வேண்டும். தலையைத் தூக்கினால் புண் திறந்து கண் போய்விடும்.

செல்லையா பாட்டா பூதப்பாண்டிப் பக்கம் வயலில் உழுகிறவர். போன வருஷம் ஆபரேஷன் செய்த வலது கண் போய்விட்டது. கேஸ் ஷீட்டில் காரணம்: 'நோயாளி கீழ்ப்படியவில்லை.' இப்போது செய்தது இடது கண். மிச்சம் இருந்ததே அது ஒன்றுதான்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை வராந்தாவில் பூட்ஸ் சத்தம். வார்டில் எல்லாரும் வெறுங்கால். பூட்ஸ் என்றால் வெள்ளைக்கார டாக்டர் துரைதான். பாட்டா கையைக் கூப்பிக்கொண்டு தலையைத் தூக்கப் பார்த்தார். ஓடிப்போய் நெற்றியை அழுத்திப் பிடித்தேன்.

"பாட்டா, அனங்காதேயும்! கண்ணு போயிரும்."

"தொர வரும்பம் கெடக்கதா மக்ளே? குத்தமில்லியா? போன மட்டமும் எழும்பித்தான கும்பிட்டேன்."

பிறந்தது முதல் பண்ணையாரைக் கண்டால் எழும்பிப் பழகிய மனுஷன். அளவுக்கு மீறிக் கீழ்ப்படிந்ததால் போன கண்ணைத்தான் கீழ்ப்படியவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

பயந்துகொண்டே துரையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வேதப்புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர்.

"ஆகையால் நான் என் பாதரட்சைகளைக் கழற்றவேண்டும் என்கிறாயோ?"

"ஆமா டாக்டர்."

மேட்ரன் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். துரை குனிந்து பூட்ஸ் நாடாவை அவிழ்த்தார். அன்று முதல் ரவுண்ட்ஸ் நேரத்தில் பூட்ஸ் வார்டு வாசலிலேயே கிடந்தது.

பத்தாம் நாள் புண் ஆறியதும் கட்டைப் பிரித்து, தடித்த கண்ணாடி ஒன்றைப் பிடித்துக் காட்டினோம். பாட்டா எதிரே நின்ற வெளுத்த வெறுங்காலையே பார்த்தார்.

"இது யாரு மக்ளே? தொர வரலியா?"

"இவருதான் பாட்டா தொர."

பாட்டா பதறி எழும்பிக் கும்பிட்டார். நான் தடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வருஷ ஆஸ்பத்திரி அறிக்கையில், கண்கள் தப்பியதற்கு நர்சுக்குக் கொடுத்த விசேஷப் பயிற்சியே காரணம் என்று எழுதியிருந்தது. பூட்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நானே சொல்லி வைக்கிறேன்: நோயாளி யாரைக் கண்டால் எழும்புவார் என்று முதலில் கேளுங்கள். மணல் பையை அப்புறம் வைக்கலாம்.