சந்திரம்மாளின் மேற்குக் கோடு

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றின் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவள் சந்திரம்மாள். தோட்ட வேலை கான்ட்ராக்டில் சேர்ந்தவள். புல் வெட்டுவாள், தண்ணீர் விடுவாள், சனிக்கிழமை தவறாமல் கால்பந்து ஆடுகிற பிள்ளைகளுக்காகக் கோடு போடுவாள். அவள் போட்ட கோட்டில் ஒரு நெளிவு கண்டுபிடியுங்கள் பார்ப்போம்! ஆனால் அந்த மேற்குக் கோடு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்பது, ஐந்து வருஷமாக இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

மைதானத்தின் மேற்குப் பாதி ஒரு காலத்தில் அவள் புருஷன் தாண்டவராயனின் நிலம். 2005-இல் செம்பரம்பாக்கம் ஏரி ததும்பிய அந்த மழையில், அவர்களுடைய பதினோரு மாதக் குழந்தை கவியா காய்ச்சலில் போய்விட்டாள். ரோடெல்லாம் வெள்ளம். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழிகூடப் போக முடியவில்லை. பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். பெண்கள் கூடப் போகக் கூடாது. தாண்டவராயன் துணியில் சுற்றி, ஒண்டியாகத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்து, "நம்ம நெலத்துலதான். பம்புசெட்டுக் கம்பத்துலர்ந்து கெழக்க பன்னெண்டு அடி" என்றான். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை.

இரண்டு வருஷத்தில் அவர்கள் நிலமும் பக்கத்து மேட்டு நிலமும் சேர்ந்து தொழிற்சாலைக்குப் போயின. மண்ணைத் தள்ளிச் சமப்படுத்தினார்கள். கம்பம் மட்டும் எப்படியோ தப்பி நின்றது. முதன்முதலாக கோல் கம்பம் நடப் பையன்கள் வந்தபோது சந்திரம்மாள் பன்னிரண்டு அடி எண்ணிப் பார்த்தாள். அவர்கள் குறித்து வைத்திருந்தது அதே இடம். "இங்க மண்ணு சரியில்ல, உள்ள தள்ளி நடுங்க" என்றாள். நட்டார்கள். அன்றிலிருந்து கோலுக்குப் பின்னால் போகும் பந்தை அவளே போய் எடுத்து வருவாள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு. சில நாள் நட்டநடு மதியத்தில், கோல் வலை காற்றில் ஆடும்போது, பிள்ளை சிணுங்குவதுபோல அவளுக்குக் கேட்கும். யாரிடம் சொல்வாள்?

ஒருத்தனிடம் சொன்னாள். பேச்சிராஜ், கோல் கீப்பர், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், அசெம்பிளி லைனில் வேலை. "எக்கா, அங்க மட்டும் ஏன் செருப்பக் கழத்துதிய?" என்று ஒரு நாள் கேட்டான். "எம் பொண்ணு கீது அங்க" என்றாள்.  அதன் பிறகு அந்தப் பக்கம் ஒருத்தன் காலையும் அவன் பட விடவில்லை. தங்கமான பிள்ளை.

தாண்டவராயன் கதை வேறு. அவனுக்கும் அதே கான்ட்ராக்டில்தான் வேலை. அது முடிந்தால் நேராக மைதானத்தின் கிழக்குக் கோடியில் ஒரு புங்கமரம், அதன் அடியில் போய் உட்கார்ந்துவிடுவான். பீடி புகைப்பான், வெறித்துப் பார்ப்பான். மகள் இருக்கிற மேற்குப் பக்கம் ஒரு நாளாவது வந்து நின்றிருப்பானா? இல்லை. "யோவ், அங்க இன்னா பொதையலா கீது? கல்லு மனசுய்யா உனுக்கு" என்று அவள் வாய் ஓயாமல் திட்டுவாள். அவன் இன்னொரு பீடி பற்றவைப்பான்.

2013 பிப்ரவரியில் வந்தது வினை. அகில இந்தியத் தொழிலாளர் கோப்பை என்று ஒன்று. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நம் ஒரகடத்துப் பிள்ளைகள் ஷிப்ட் முடித்த கையோடு பஸ் ஏறி ஆடப் போனவர்கள். ஓசூரில் இரண்டுக்கு ஒன்று. கோயம்புத்தூரில் கடைசி நிமிஷத்தில் ஒற்றை கோல். புனேயில் இரண்டு வாங்கிவிட்டு மூன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொச்சியில் அரையிறுதி பெனால்டி வரை போனது. பேச்சிராஜ் இரண்டைத் தடுத்தான். பைனலில் எதிரணியான ஹவுராக்காரர்கள் சாதாரணப்பட்டவர்களா? ராஞ்சி, கட்டாக், லூதியானா என்று வரிசையாக அடித்து நொறுக்கி, கோவாக்காரர்களுக்கே நான்கு கோல் போட்டுவிட்டு, ரயிலேறி வந்து சுங்குவார்சத்திரம் லாட்ஜில் இறங்கியிருந்தார்கள். ஒரகடத்துப் பிள்ளைகள் ஆடியதெல்லாம் வெளியூரில். அதனால்தான் உள்ளூர் மைதானத்தை யாரும் அளந்ததே இல்லை. குலுக்கலில் பைனல் ஒரகடத்துக்கு விழுந்திருந்தது. கமிட்டிக்காரர் டேப்போடு வந்தார்.

"தொண்ணூத்தேழு மீட்டர்தான் இருக்கு. நூறு வேணும். மேற்கு கோலைப் பின்னாடி தள்ளுங்க, எடம் நெறைய இருக்கே" என்றார்.

சந்திரம்மாளுக்கு உயிரே போய்விட்டது. கோட்டை மூன்று மீட்டர் தள்ளினால், இருபத்திரண்டு பேர் பூட்ஸ் காலும் பிள்ளை மேலேதான். "சார், அங்க மண்ணு பொதபொதன்னு கீது, காலு உள்ள போவும். கெழக்க தள்ளிக்கலாம் சார்" என்றாள்.

விளையாட்டுப் பொறுப்பில் இருந்த சீனிவாசன் சார் முறைத்தார். "இன்னாம்மா ஒளறுற? சிமெண்டு தரை மாதிரி கீது."

"இல்ல சார், அக்கா சொல்லுதது நெசம்" என்று குறுக்கே வந்தான் பேச்சிராஜ். "போன வாரம் நானே அங்கன காலு பெரண்டு விழுந்தேன்." முழுப் பொய். கீப்பரே சொன்ன பிறகு யார் மறுப்பது? கிழக்கு கோலைப் பின்னால் தள்ள முடிவாயிற்று. புங்கமரத்தின் ஒரு கிளையை வெட்டினால் போதும்.

சந்திரம்மாள் ஓடிப்போய்ப் புருஷனிடம் சொன்னாள். "கெழக்க தள்ளிட்டேன்யா! நம்ம புள்ள தப்பிச்சிச்சி!" அவன் முகம் செத்துப்போயிற்று. அன்று சோறு தொடவில்லை. மறுநாள் கம்பத்துக்குக் குழி தோண்ட ஆட்கள் வந்தபோது, அவர்கள் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தானே குனிந்தான். ஒரு சின்னக் களைக்கொத்தை வைத்துக்கொண்டு, பிடிபிடியாக மண்ணை அள்ளி, விரலால் தடவித் தடவிப் பார்த்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. "கேக்காமலே வேல செய்றியே, மழ வரப் போவுது!" என்று அவள் சிரித்தாள். அப்படிச் சிரித்ததற்காகப் பிறகு அவள் தன்னையே எத்தனை முறை அறைந்துகொண்டாளோ!

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு பைனல். வாலாஜாபாத்திலிருந்துகூட வண்டி கட்டி வந்திருந்தார்கள். ஹவுரா முதலில் ஒன்று போட்டது, நம் பிள்ளைகள் ஒன்றைத் திருப்பினார்கள். கூடுதல் நேரமும் முடிந்தது. நடுவர் காசைச் சுண்டினார். பெனால்டி கிழக்கு கோலில் என்று விழுந்தது. மேற்குப் பக்கம் வெறிச்சென்று கிடந்ததில் சந்திரம்மாளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மரத்தடியிலிருந்து தாண்டவராயன் எழுந்து வந்தான்.  

"சந்திரா, அங்க வேணான்னு சொல்லு."

"எங்க?"

"அந்த கோலாண்ட. புள்ள அங்கதான் கீது."

அவளுக்குப் புரியவில்லை. அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். "அன்னிக்கி நம்ம நெலத்துல இடுப்பளவு தண்ணி. தண்ணியிலயா போட சொல்ற? பக்கத்து மேட்டுல, இந்தப் புங்கமரத்தாண்ட வச்சிட்டு வந்தேன், யாருக்கும் தெரியாம. அந்த நெலத்துக்காரன் ஆடு மேஞ்சாலே வெட்ட வர்றவன். நீ நம்ம மண்ணு, நம்ம மண்ணுன்னு அழுதுகினு இருந்த. பொய் சொல்லிட்டேன். குழி தோண்டசொல்லோ தடவிப் பாத்துட்டேன், கம்பம் புள்ள மேல படல. எடது கம்பத்துக்கு உள்ள, ரெண்டு அடி."

கூட்டம் கத்தியது. முதல் உதை. அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. ஐந்து வருஷம் அந்த மனுஷன் ஏன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான் என்பது மட்டும் தெரிந்தது. இந்த வாயால் எத்தனை முறை கல்லு மனசு என்றாள்! மகளைக் காப்பாற்றுகிறேன் என்று மகள் மேலேயே கோலைத் தூக்கி வைத்தவளும் அவள்தான். ஓடிப்போய் நிறுத்த நினைத்தாள். அதற்குள் அடுத்த உதைக்கு விசில் ஊதிவிட்டார்கள்.

பேச்சிராஜ் ஒவ்வொரு உதைக்கும் முன்னால் குனிந்து, கோட்டு மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அது அவன் எப்போதும் செய்கிறதுதான். ஒவ்வொரு முறையும் அவன் தொட, இங்கே சந்திரம்மாளின் கை தானாகக் கும்பிட்டது. ஐந்தாவது உதை இடது பக்கம் வந்தது. அவன் பாய்ந்து, பந்தைக் கட்டிக்கொண்டு, அந்த இடத்திலேயே விழுந்தான். ஒரகடம் ஜெயித்துவிட்டது. கூட்டம் மொத்தமும் கோலுக்குள் புகுந்து குதித்தது.

சந்திரம்மாள் நடந்தாள். பத்தடி இருக்கும்போது செருப்பைக் கழற்றினாள்.

தோளில் தூக்கப்போனவர்களுக்கு நடுவிலிருந்து பேச்சிராஜ் அதைப் பார்த்தான். அவள் காலைப் பார்த்தான், அவள் பின்னால் அழுதுகொண்டு வருகிற தாண்டவராயனைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு அணைந்தது. "ஏல, தள்ளுங்கல! எல்லாவனும் வெளிய போங்கல!" என்று பிடித்துத் தள்ளினான். கோப்பை கொடுக்க மைக்கில் கூப்பிட்டார்கள். அவன் நகரவில்லை, குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றான்.

இடது கம்பத்துக்கு உள்ளே இரண்டடியில் அவள் உட்கார்ந்து, மிதிபட்ட சுண்ணாம்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"கவியா கண்ணு," என்றாள். "இத்தினி வருசமா அம்மா அந்தக் கோடியில நின்னுகினு இருந்தேன்டி."