கைக்குழந்தையோடு ஒண்ணாம் வகுப்பு

ஓசூரில் ஒரே நேரத்தில் மூன்று பாஷையில் வாய்ப்பாடு கேட்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பள்ளியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. சாரத்தின் மேல் நின்று செங்கல் வைக்கும்போது மூன்றும் கலந்து காதில் விழும். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்த புதிதில் தலை சுற்றியது. இப்போது பழகிவிட்டது. மகளை ஏன் தெலுங்கில் சேர்த்தாய் என்று ஊரில் கேட்கிறீர்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கொத்தனார். மனைவி மாதம்மா என்னோடு சித்தாள் வேலை. பள்ளியில் சேர்க்கப் போனபோது பெரியவள் பச்சையம்மாவுக்கு ஆறு வயது. சின்னவள் லட்சுமிக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. நாங்கள் வேலைக்குப் போனால் அவளைப் பெரியவள்தான் இடுப்பில் வைத்திருப்பாள். நம்மூர்ப் பள்ளியில் குழந்தையோடு வந்தால் வாசலோடு திருப்பிவிடுவார்கள். என் அக்கா அப்படித் திரும்பியவள். அவள் இடுப்பில் இருந்த குழந்தை நான். நான் மூன்றாவது வரை படித்தேன். அவள் கைநாட்டு.

தமிழ்ப் பள்ளி நல்ல கட்டடம். ஓடு, சிமெண்டுத் தரை, வகுப்புக்கு ஒரு வாத்தியார். குறை சொல்ல மாட்டேன். பெரிய வாத்தியார் உள்ளிருந்தே கையைக் காட்டினார். உட்காரச் சொல்கிறார் என்று மணி அடிக்கும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம்தான் தெரிந்தது, குழந்தையை விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். கன்னடப் பள்ளியிலும் அதே பதில்தான். தெலுங்குப் பள்ளி வெறும் கூரைக் கொட்டகை. சாணித் தரை, ஒரே வாத்தியார். அவர் லட்சுமி பக்கம் கையை நீட்டினார். இவரும் வேண்டாம் என்கிறார் என்று நான் குழந்தையைப் பின்னால் இழுத்தேன். அவர் சிரித்து, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“இடுப்புலயே தூக்கினு வரட்டும்பா. அழுதா வெளிய போயி வரட்டும். அதுக்கென்ன?”

மாதம்மாவுக்குச் சம்மதமில்லை. “நம்மூருக்கு ஒரு காயிதம் போடணும்னா இவ யாரு கால்ல போயி விழுவா?”

“காயிதத்துக்கு வேண்டிய எழுத்த நான் சொல்லித் தரேன். மத்தத நான் எங்க போயி கத்துத் தர்றது?”

மைத்துனன் வந்தபோது, மாப்பிள்ளையும் தெலுங்கிலேயே பார்த்தாச்சா மாமா என்று கேலி செய்தான். பார்த்தால் நல்லவனாகப் பார்ப்பேன் என்றேன்.

முதல் மாதம் பச்சையம்மா வகுப்பில் வாயே திறக்கவில்லை. பிறகு ஒரு கையால் தங்கையைத் தட்டிக்கொண்டே மறு கையால் மணலில் எழுதுகிறாள் என்று வாத்தியார் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நான் செங்கல் துண்டால் சுவரில் அ, ஆ எழுதிக் காட்டுவேன்.

வருஷக் கடைசியில் வாத்தியார் கூப்பிட்டனுப்பினார். இரண்டாம் வகுப்புக்குத் தேறிவிட்டாள். காகிதத்தில் அப்பன் கையெழுத்து வேண்டும் என்றார். தமிழில் போடலாமா என்று கேட்டேன்.

“உனக்கு எது வருமோ அதுல போடு.”

காகிதம் முழுக்கத் தெலுங்கு. மகள் பெயர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பச்சையம்மா விரலை வைத்துக் காட்டினாள். அந்த விரலுக்குக் கீழே என் பெயரைத் தமிழில் எழுதினேன்.